மதம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது? சீக்கியம் பற்றி ஒரு முடிவுக்கு வரும் வழி

லூதியானா கிளைக்கு மாற்றலாகிப் போன முதல் மாதம். கணக்குத் தொடங்க ஒரு அப்பாவும் மகனும் கவுன்டருக்கு வந்தார்கள். அப்பாவுக்கு மழித்த முகம், வெறுந்தலை, பெயர் ‘லால்’ என்று முடிகிறது. மகனுக்கு நீலத் தலைப்பாகை, தாடி, பெயரில் ‘சிங்’. படிவத்தில் மதம் என்று ஒரு கட்டம். மகனுடையதில் ‘சீக்கியர்’ என்று எழுதிவிட்டு, அதே வேகத்தில் அப்பாவுடையதிலும் எழுதப் போனேன். “எனக்கு இந்து என்று போடுங்கள் பாபுஜி” என்றார். பேனா அப்படியே நின்றுவிட்டது.

ஒரே வீடு, ஒரே ரேஷன் கார்டு, இரண்டு மதம். மூத்த பிள்ளையைச் சீக்கியனாக வளர்ப்பதாக அவருடைய அம்மா வேண்டிக்கொண்டிருந்தாராம். பஞ்சாபின் பல இந்துக் குடும்பங்களில் இந்தப் பழக்கம் இருந்தது என்பது அப்புறம்தான் தெரிந்தது.

ஒன்பது வருடம் அந்த ஊர்களில் அந்தக் கட்டத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். அதனால் “சீக்கியம் தனி மதமா, இந்து மதத்தின் கிளையா, இல்லை வெறும் வாழ்க்கை முறையா?” என்று பேச்சு கிளம்பினால் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள். நான் உடனே பதில் சொல்வதில்லை. நான் போன வழியைச் சொல்லிவிடுகிறேன். அந்த வழியில் நீங்களும் போனால் பதில் தானாக வந்து சேரும்.

முதல் வேலை, கேள்வியைப் பிரிப்பது. இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. சீக்கியம் ஒரு மதமா என்பது ஒன்று. அது தனி மதமா என்பது இன்னொன்று. பேசுகிறவர்கள் ஒன்றுக்கு ஆதாரம் காட்டிவிட்டு மற்றதை நிரூபித்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். “கர்மா, மறுபிறவி எல்லாம் அவர்களிடமும் இருக்கிறதே” என்பது இரண்டாம் கேள்விக்கான வாதம். “எங்களுடையது மதமே இல்லை, வாழும் முறை” என்று சில சீக்கிய இளைஞர்களே சொல்வது முதல் கேள்விக்கானது. எதைப் பேசுகிறோம் என்று முதலில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பாதிச் சண்டை அங்கேயே அடங்கிவிடும்.

அடுத்து, அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட சொல்லைப் பாருங்கள். பஞ்சாபியில் அவர்கள் ‘சிக்கி’ என்கிறார்கள், ‘பந்த்’ என்கிறார்கள். சிக் என்றால் சிஷ்யன், கற்றுக்கொள்கிறவன். பந்த் என்றால் வழி, பாதை. தமிழில் நாம் நெறி என்றோ மார்க்கம் என்றோ சொல்வதற்குக் கிட்டத்தட்ட அதே பொருள். ஆனால் பந்த் என்பதில் அந்த வழியில் சேர்ந்து நடக்கிற கூட்டமும் அடங்கும். குருத்வாராவில் ‘பந்த்’ என்று சொல்லும்போது கொள்கையை மட்டும் சொல்வதில்லை, ஜனங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறார்கள். ‘மதமா இல்லையா’ என்ற கேள்வி பெரும்பாலும் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காரரும் வங்கிக் குமாஸ்தாவும் கொண்டுவந்த கேள்வி. நானும் அதில் கூட்டாளிதான்.

சொல்லுக்கு அப்புறம் நூல். முழுதாகப் படிக்கத் தேவையில்லை. குரு கிரந்த சாகிப் 1,430 பக்கம். பக்கத்தைக்கூட அவர்கள் பக்கம் என்று சொல்வதில்லை, ‘அங்க்’ என்பார்கள், உடலின் உறுப்பு என்ற பொருளில். முதல் அங்க்கின் முதல் வரி போதும். அது எழுத்தில் ஆரம்பிப்பதில்லை, எண்ணில் ஆரம்பிக்கிறது: ஒன்று. அதற்குப் பக்கத்தில் ஓங்கார். இரண்டும் சேர்ந்து ‘இக் ஓங்கார்’. காசோலையில் தொகையை எழுத்தாலும் எண்ணாலும் எழுதச் சொல்லிச் சொல்லியே வாய் வலித்தவன் நான். எழுத்தில் எழுதினால் யாராவது வேறு பொருள் எடுப்பார்கள் என்று முதல் குருவான நானக் எண்ணிலேயே போட்டுவிட்டார் போலிருக்கிறது என்று எனக்கு அன்று தோன்றியது. இது என் சொந்தக் கற்பனை, விளக்கவுரைகளில் தேடாதீர்கள்.

அந்த ஒன்றைத் தொடர்ந்து வரும் சொற்களில் இரண்டை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். ‘நிர்வைர்’ என்றால் யாரிடமும் பகை இல்லாதது. ‘அஜூனி’ என்றால் கருவில் பிறக்காதது. இந்த இரண்டாவது சொல் முக்கியம். கடவுள் பிறப்பெடுத்து வருவார் என்ற எண்ணத்தை முதல் வரியிலேயே தள்ளி வைத்துவிடுகிறது. உள்ளே போனால் ராம், ஹரி, கோவிந்த் என்று பெயர்கள் வரிக்கு வரி வருகின்றன. அல்லா, குதா என்றும் வருகின்றன. “ராமர் பேர் இருக்கிறதே, அப்புறம் என்ன தனி மதம்?” என்பவருக்கு, அங்கே ராம் என்பது எங்கும் நிறைந்த அந்த ஒன்றுக்கான பெயர், தசரதன் மகனுக்கானது அல்ல என்பதைப் பொறுமையாகச் சொல்ல வேண்டியிருக்கும்.

பூணூல் பற்றி குரு நானக்கின் பாடல் ஒன்று அதே கிரந்தத்தில் இருக்கிறது. இரக்கம் பஞ்சு, திருப்தி நூல், அடக்கம் முடிச்சு, உண்மை முறுக்கு. அப்படி ஒரு பூணூல் உன்னிடம் இருந்தால் போடு என்று பண்டிதரிடம் கேட்கிறார். இதை எடுத்துக்கொண்டு “பார், மறுத்துவிட்டார்” என்று ஒரு தரப்பும், “பார், உள்ளர்த்தம்தான் சொல்கிறார்” என்று மறு தரப்பும் பேசும். நான் முதல் தரப்பு. ஒரு சடங்கின் உட்பொருளை எடுத்துக்கொண்டு சடங்கை வேண்டாம் என்கிறவர் வேறு வாசலைத் திறக்கிறார்.

சரி, படித்தது போதும். இனி நேரில் போய்ப் பார்க்க வேண்டும். இதைத்தான் எனக்குப் பீஜி கற்றுக்கொடுத்தார்.

பீஜி நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரரின் அம்மா. தெருவுக்கே அவர் பீஜிதான். என்னை ‘புத்தர்’ என்று கூப்பிடுவார். முதல் நாள் ஏதோ என் சாந்த முகத்தைப் பார்த்து வைத்த பட்டம் என்று பூரித்துப்போனேன். பஞ்சாபியில் அதற்கு மகனே என்று அர்த்தமாம், பால்காரப் பையனையும் அப்படித்தான் கூப்பிட்டார். ஒருநாள் அவர் பட்டாணி உரித்துக்கொண்டிருக்கும்போது, “பீஜி, சீக்கியம் தனி மதம்தானா?” என்று கேட்டுவிட்டேன். நிமிர்ந்து பார்த்து, “புத்தர், உனக்குச் சாப்பாடு வேண்டுமா, சண்டை வேண்டுமா?” என்றார். மறுநாள் விடிவதற்கு முன் கதவைத் தட்டினார். தெருமுனைக் குருத்வாராவுக்குக் கூட்டிப்போனார்.

நீங்களும் அப்படித்தான் போக வேண்டும், இருட்டோடு. பகலில் போனால் கட்டடம்தான் தெரியும். தலையை மூடிக்கொள்ளுங்கள், கைக்குட்டை போதும். செருப்பைக் கழற்றிக் காலைக் கழுவிக்கொள்ளுங்கள். பீடியோ சிகரெட்டோ பையில் இருந்தால் வெளியிலேயே விட்டுவிடுங்கள். தரையில் உட்காருங்கள், கிரந்தம் இருக்கும் பக்கம் காலை நீட்டாதீர்கள்.

உட்கார்ந்துவிட்டால் கண்ணை அகற்ற வேண்டாம். நூல் இரவு உறங்கிய அறையிலிருந்து ஒருவர் அதைத் தலைமேல் சுமந்து வருவார். ஆமாம், உறங்கிய அறைதான். அங்கே கட்டிலும் விரிப்பும் இருக்கின்றன, குளிர் மாதங்களில் பீஜி கையால் தைத்த ரஜாயும், அதாவது பஞ்சுப் போர்வையும், இருந்தது. விதானத்தின் கீழ் மெத்தை வைத்த பீடத்தில் இறக்கி, ருமாலா துணிகளை ஒவ்வொன்றாக விலக்குவார்கள். பின்னால் ஒருவர் சௌர் வீசுவார், வெண்மயிர்ச் சாமரம். அப்புறம் நூலை ஏதோ ஓர் இடத்தில் திறந்து, இடது பக்கத்தின் மேல்பகுதியில் வரும் பாடலைப் படிப்பார்கள். அதுதான் ஹுகம்நாமா, அன்றைய உத்தரவு. அமிர்தசரஸ் ஹர்மந்திர் சாகிபில், அதாவது பொற்கோயிலில், காலையில் வரும் ஹுகம்நாமாவை உலகம் முழுதும் இருக்கிறவர்கள் கைப்பேசியில் எடுத்துப் படிக்கிறார்கள். குழந்தைக்குப் பெயர் வைப்பதும் இப்படியே. திறந்த இடத்தில் வரும் பாடலின் முதல் எழுத்துதான் பெயருக்கு முதல் எழுத்து.

எனக்குப் பட்டது இதுதான். இவர்களுக்கு இது புனித நூல் என்று சொன்னால் பாதிதான் சரி. 1708-ல் நாந்தேடில் இறப்பதற்கு முன், பத்தாவது குரு கோவிந்த் சிங் இனிமேல் மனித குரு இல்லை, இந்த நூல்தான் குரு என்று சொல்லிவிட்டுப் போனார் என்பது அவர்கள் மரபு. குரு உட்கார்ந்திருக்கும் இடம் என்பதால் அந்தக் கூடத்துக்கு ‘தர்பார்’ என்று பேர். சிலை வழிபாட்டை மறுத்துவிட்டு நூலுக்கு மெத்தை போடுகிறார்களே என்று வெளியாளுக்குக் கேட்கத் தோன்றும், எனக்கும் தோன்றியது. பீஜியிடம் கேட்டேன். “உன் மேனேஜர் வந்தால் நாற்காலி போடுவாயா மாட்டாயா?” என்றார்.

பிரசாதம் வரும்போது இரண்டு கைகளையும் சேர்த்துக் குவித்து நீட்டுங்கள். ஒரு கையை நீட்டினால் கொடுப்பவர் காத்துக்கொண்டு நிற்பார். கோதுமை மாவு, சர்க்கரை, நெய் மூன்றும் சம அளவு என்பது கணக்கு, கையில் வாங்கினால் நெய் விரலிடுக்கில் இறங்கும். அப்புறம் லங்கர், எல்லோருக்கும் பொதுவான இலவசச் சாப்பாடு. வரிசையாகத் தரையில் உட்கார்ந்து, யாருக்குப் பக்கத்தில் யார் என்று பார்க்காமல் சாப்பிடுவது. இந்தப் பந்தியில் உட்கார்ந்து எழுந்தால், வாழ்க்கை முறையா மதமா என்ற முதல் கேள்வி கொஞ்சம் அசட்டுத்தனமாகத் தோன்றும். நூல் இருக்கிறது, தீட்சை இருக்கிறது, பெயர் வைக்கவும் கல்யாணத்துக்கும் சாவுக்கும் தனி முறை இருக்கிறது, இதற்காக உயிர் விட்டவர்கள் இருக்கிறார்கள். 1606-ல் லாகூரில் குரு அர்ஜன், 1675-ல் தில்லியில் குரு தேக் பகதூர். இதற்கு மேல் ஒரு மதத்துக்கு என்ன வேண்டும்?

முடிந்தால் ஒரு கல்யாணத்துக்கும் போய்விடுங்கள். அங்கே அக்கினி இல்லை. மணமக்கள் கிரந்தத்தைச் சுற்றுகிறார்கள், நான்கு சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் நான்காவது குரு ராம்தாஸ் எழுதிய ‘லாவாங்’ பாடலில் ஒரு பகுதி. என் இரண்டாம் கேள்விக்கு எனக்கு அதிகம் உதவியது இந்தக் கல்யாணம்தான். சுற்றுவது பழையது. எதைச் சுற்றுகிறார்கள் என்பது புதியது.

இந்த இடத்தில் வரலாற்றைக் கொஞ்சம் கவனமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இரண்டு தரப்பும் இங்கே கையை வைத்து எழுதுகின்றன. குரு நானக் 1469-ல் பிறந்தவர். 1539-ல் கர்த்தார்பூரில் அவர் இறந்தபோது எரிப்பதா புதைப்பதா என்று இந்துக்களும் முஸ்லிம்களும் தகராறு செய்ததாகவும், போர்வையை விலக்கினால் பூக்கள்தான் இருந்ததாகவும் கதை. அங்கே இன்றும் சமாதியும் உண்டு, கல்லறையும் உண்டு. ‘நான் இந்துவும் அல்ல, முஸ்லிமும் அல்ல’ என்ற வரி கிரந்தத்தின் 1,136-ஆம் அங்க்கில் இருக்கிறது. ஐந்தாம் குருவின் பாடல், முடிவில் கபீர் பெயர் வருகிறது. 1699 வைசாகியில் ஆனந்த்பூரில் கால்சா என்ற தீட்சை பெற்ற சீக்கியர்களின் அமைப்பு தொடங்கியபோது வாளால் கலக்கிய அமிர்தமும், வெட்டாத முடி, சீப்பு, இரும்புக் காப்பு, கிர்பான் எனும் குறுவாள், கச்சேரா எனும் உள்ளாடை என்ற ஐந்து அடையாளமும் வந்தன.

ஆனால் கால்சாவில் சேராதவர்களும் இருந்தார்கள். முடி வளர்க்காத சஹஜ்தாரிகள், உதாசிகள், நிர்மலாக்கள் என்று பல வகை. குருத்வாராக்கள் பல மகந்துகள் என்ற பரம்பரை நிர்வாகிகள் கையில் இருந்தன. ஹர்மந்திர் சாகிப் பிரகாரத்திலேயே விக்கிரகங்கள் இருந்தன. 1905-ல்தான் அவற்றை எடுத்தார்கள். 1873-ல் அமிர்தசரஸில் சிங் சபா என்ற சீர்திருத்த இயக்கம் தொடங்கியது. 1898-ல் கான் சிங் நாபா ‘ஹம் ஹிந்து நஹீன்’, அதாவது நாம் இந்துக்கள் அல்ல, என்று நூலே எழுதினார். 1909-ல் ஆனந்த் திருமணச் சட்டம், 1925-ல் குருத்வாராச் சட்டம், 1945-ல் ரெஹத் மரியாதா என்ற நடத்தை விதி. அந்த விதிப்படி ஒரே கடவுள், பத்து குருக்கள், குரு கிரந்தம், அமிர்தம் இவற்றை நம்பி, வேறு எந்த மதத்தையும் சாராதவர்தான் சீக்கியர். எங்கள் கவுன்டருக்கு வந்த அப்பாவுக்கு அந்தக் கடைசி நிபந்தனையில் இடம் கிடைக்காது.

“அப்படியானால் எல்லாம் 19-ஆம் நூற்றாண்டில் செய்த ஏற்பாடுதானே?” என்று ஒருவர் கேட்பார். வேலி அப்போது போட்டது உண்மை. நிலம் அதற்கு முன்பே இருந்தது, பயிரும் இருந்தது. எந்த மதத்தின் வேலியும் முதல் நாளே போடப்பட்டதில்லை. எங்கிருந்து வந்தது என்பதை வைத்து இன்று என்னவாக இருக்கிறது என்று தீர்மானிக்க முடியாது. அப்படிச் செய்தால் கிறிஸ்தவத்தை யூத மதத்தின் கிளை என்று எழுத வேண்டிவரும். வேலி போடுவது இன்னும் நிற்கவுமில்லை. 2010-ல், ரவிதாஸைக் குருவாகக் கொண்ட ரவிதாஸியா சமூகத்தின் ஒரு பகுதி தனக்கெனத் தனி நூல் வைத்துக்கொண்டு சீக்கியத்திலிருந்து பிரிந்து போனது. சாதி இல்லை என்று சொல்லும் மதத்தில், சாதிவாரியாகக் குருத்வாரா இருக்கும் கிராமங்களும் உண்டு. கடன் வசூலுக்குப் போன இடத்தில் நானே பார்த்திருக்கிறேன்.

சட்டத்தைக் கேட்கலாமே என்பீர்கள். கேளுங்கள், ஆனால் நேரான பதிலை எதிர்பார்க்காதீர்கள். அரசியல் சட்டத்தின் 25-ஆம் பிரிவில் இரண்டு விளக்கம் இருக்கிறது. முதல் விளக்கம், கிர்பான் அணிவது சீக்கிய மதத்தைப் பின்பற்றுவதில் அடங்கும் என்கிறது. இரண்டாவது விளக்கம், இந்துக்கள் என்ற சொல்லில் சீக்கிய, சமண, பௌத்த மதத்தினரும் அடங்குவர் என்கிறது. இந்த இரண்டாவதைக் காட்டித்தான் “சட்டமே இந்து என்கிறது” என்பார்கள். அந்த வரி பொருந்துவது ஒரே ஓர் உட்பிரிவுக்கு, சமூகச் சீர்திருத்தத்துக்கும் இந்துப் பொதுக் கோயில்களை எல்லாப் பிரிவினருக்கும் திறந்துவிடுவதற்கும். அதோடு, அந்த வரியே ‘சீக்கிய மதம்’ என்றுதான் சொல்கிறது.

வங்கியில் இந்தக் குழப்பம் தினப்படி வரும். கணக்கு வைத்திருந்த சர்தார்ஜி இறந்துபோனால் வாரிசு யார் என்று பார்ப்பது 1956-ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி. தலைப்பாகை கட்டிய கடைக்காரர் வந்து வருமான வரிக்காக இந்துக் கூட்டுக் குடும்பக் கணக்கு தொடங்குவார், சட்டப்படி சரி. அதே ஆள் சிறுபான்மையினர் கடனுக்கும் விண்ணப்பிப்பார், அதுவும் சரி. 1992-ஆம் வருடச் சிறுபான்மையினர் ஆணையச் சட்டத்தின் கீழ் சீக்கியர் தனிச் சிறுபான்மை மதத்தவர். பட்டியல் சாதி விஷயத்தில் 1956-லிருந்து இந்துவும் சீக்கியரும் ஒரே வரியில். கல்யாணப் பதிவுக்கு 2012 திருத்தத்துக்குப் பிறகு ஆனந்த் சட்டம். இங்கிலாந்துக்குப் போனால் இன்னொரு கதை: அங்கே பள்ளியில் தலைப்பாகைக்குத் தடை போட்ட வழக்கில், 1983-ல் பிரபுக்கள் சபை சீக்கியர் ஓர் இனக்குழு என்றே தீர்ப்பளித்தது. அந்த நாட்டு இனப்பாகுபாட்டுச் சட்டத்தின் பாதுகாப்பு அப்படித்தான் கிடைத்தது.

எனக்குப் பிடித்த தீர்ப்பு 2000-ல் நம் உச்ச நீதிமன்றம் கொடுத்தது. குரு கிரந்த சாகிப் சட்டத்தின் பார்வையில் ஒரு நபர், அதன் பெயரில் சொத்து இருக்கலாம் என்றது. கணக்குத் தொடங்குகிறவன் பார்வையில் இதைவிடத் தெளிவான சான்று கிடையாது.

ஆக, சட்டத்தைக் கேட்கும்போது எந்தக் காரியத்துக்காகக் கேட்கிறீர்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். 2011 கணக்கெடுப்பில் சீக்கியர் என்று சொல்லிக்கொண்டவர்கள் சுமார் 2.08 கோடி. அவர்களிடம் போய் வாரிசுச் சட்டத்தைக் காட்டி நீங்கள் இந்து என்று சொல்வதில் என்ன நியாயம்?

யாரிடமாவது நேரில் பேசுவதாக இருந்தால் ஒரு யோசனை. “நீங்கள் இந்துதானே?” என்று ஆரம்பிக்காதீர்கள். நம் காதுக்கு அது உறவு கொண்டாடுவதாகத் தோன்றும், அவர் காதில் வேறு மாதிரி விழும். 1984-ல் சீக்கியர்கள் மீது நடந்த படுகொலையைப் பார்த்த வீடுகள் அவை. உங்கள் குருத்வாராவில் எத்தனை மணிக்குப் பிரகாஷ், அதாவது காலையில் கிரந்தத்தைத் திறப்பது, என்று கேளுங்கள். அதிலிருந்து பேச்சு எங்கு வேண்டுமானாலும் போகும்.

படிவம் உங்கள் கைக்கு வந்தால், அவர் என்ன சொல்கிறாரோ அதை எழுதுங்கள். தலைப்பாகையைப் பார்த்தும் எழுதாதீர்கள், பெயரைப் பார்த்தும் எழுதாதீர்கள். சிங் என்ற பெயர் ராஜபுத்திரருக்கும் உண்டு.

அந்த அப்பா, நான் லூதியானாவை விட்டுக் கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்னால் இறந்துபோனார். மகன் கணக்கை முடிக்க வந்தான். இறந்தவரின் மதம் என்ற இடத்தில் இந்து என்றே எழுதினோம், அவனே சொன்னான். பையிலிருந்து ஒரு கார்டை எடுத்துக் கொடுத்தான். அப்பாவுக்காக வீட்டில் கிரந்தம் முழுதும் வாசிக்க வைத்திருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை குருத்வாராவில் போக், அதாவது வாசிப்பு நிறைவுச் சடங்கு, வந்துவிடுங்கள் என்றான். கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு போய்ப் பந்தியில் உட்கார்ந்தேன். வாளியோடு வந்து எனக்குப் பருப்பு ஊற்றியது அவன்தான்.